பழைய டீசல் லாரிக்கு எந்தக் கூலன்ட்? நிறத்தைப் பார்த்து ஊற்றினால் லைனர் ஓட்டையாகும்

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய லாரியைக் கைமாற்றி வாங்கி ரேடியேட்டர் மூடியைத் திறந்தால், பெரும்பாலும் தெரிவது காவி நிறத் தண்ணீர்தான். சில வண்டிகளில் வெளிறிப்போன பச்சை இருக்கும். மாற்றிவிடலாம் என்று உதிரிபாகக் கடைக்குப் போனால் பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம் என்று டப்பாக்கள் வரிசையாக நிற்கும். ஒன்றில் 1:3 கலக்கவும் என்று போட்டிருக்கும், இன்னொன்றில் அப்படியே ஊற்றவும் என்றிருக்கும். கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "முன்னாடி என்ன கலர் இருந்துச்சு?" குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

இன்னொரு பக்கம், "நம்ம ஊர்ல பனியா பெய்யுது, கூலன்ட் எதுக்கு?" என்று வெறும் தண்ணீரிலேயே ஓட்டுபவர்களும் நிறையப் பேர். கூலன்ட் என்றால் உறையாமல் தடுக்கும் திரவம், அவ்வளவுதான் என்று நினைத்தால் அந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால் கனரக டீசல் எஞ்சினில் அதன் முக்கியமான வேலை வேறு.

கூலன்ட்டுக்குள் என்ன இருக்கிறது

எரியும் டீசலின் வெப்பத்தில் ஏறக்குறைய கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை கூலன்ட் வழியாகத்தான் வெளியேறுகிறது. அந்தக் கூலன்ட் மூன்று பொருள்களின் கலவை.

1. தண்ணீர். வெப்பத்தை உண்மையில் சுமப்பது இதுதான். இந்த வேலையில் தண்ணீரை மிஞ்சும் மலிவான திரவம் கிடையாது.

2. எத்திலீன் கிளைகால். கொதிநிலையை உயர்த்தும், உறைநிலையைத் தாழ்த்தும். பாதிக்குப் பாதி கலந்தால் கலவை சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது, சுமார் 107 டிகிரியில்தான் கொதிக்கும். வெப்பத்தைச் சுமப்பதில் மட்டும் இது தண்ணீரைவிட மட்டம். அதனால் கூடுதலாக ஊற்றினால் கூடுதல் குளிர்ச்சி என்ற கணக்கு செல்லாது. 60 சதவீதத்தைத் தாண்டினால் வெப்பம் கடத்தும் திறன் குறைகிறது, கரைந்திருக்கும் ரசாயனங்களும் கூழாகப் பிரியத் தொடங்கும்.

3. காப்பு ரசாயனங்கள். மொத்தத்தில் சில சதவீதம்தான். வார்ப்பிரும்பு, செம்பு, பித்தளை, ஈயப் பற்று (சால்டர்), அலுமினியம் என்று ஒரே தண்ணீரில் நனையும் அத்தனை உலோகங்களையும் அரிப்பிலிருந்து காப்பது இவைதான். டப்பாவுக்கு டப்பா மாறுவது பெரும்பாலும் இந்தச் சிறு பங்குதான். தேர்வு என்று நாம் சொல்வதும் இதைப் பற்றியதே.

நிறத்துக்கு இந்தப் பட்டியலில் இடமே இல்லை. அது தயாரிப்பாளர் விருப்பப்படி கலக்கும் சாயம். சிவப்பு என்றால் இந்த வகை, பச்சை என்றால் அந்த வகை என்று உலகம் முழுக்கச் செல்லும் விதி எதுவும் கிடையாது.

குமிழி இரும்பைத் துளைக்கும் விதம்

கார் பெட்ரோல் எஞ்சினுக்கும் லாரி டீசலுக்கும் கூலன்ட் விஷயத்தில் உள்ள பெரிய வித்தியாசம் லைனரில் இருக்கிறது. பல கனரக எஞ்சின்களில் பிஸ்டன் ஓடும் குழாயான லைனரின் வெளிப்பக்கம் நேராகக் கூலன்ட்டிலேயே நனைந்திருக்கும். இதை வெட் லைனர் என்பார்கள். கம்மின்ஸ் என்14, இன்டர்நேஷனல் டிடி466, டெட்ராய்ட் 60 வரிசை எல்லாம் இந்த வகை.

டீசல் வெடித்து எரியும் ஒவ்வொரு முறையும் பிஸ்டன் ஒரு பக்கமாகச் சாய்ந்து லைனரின் உட்சுவரில் மோதுகிறது. தட்டிய வெண்கல மணி அதிர்வதைப் போல லைனர் அதிரும். நம் கண்ணுக்குத் தெரியாத அதிர்வு, ஆனால் அதிவேகம். லைனர் சுவர் உள்ளே இழுபடும் கணத்தில், பின்னாலேயே வந்து இடத்தை நிரப்பக் கூலன்ட்டால் முடிவதில்லை. அங்கே அழுத்தம் விழுந்து நுண்ணிய ஆவிக் குமிழிகள் உண்டாகின்றன. அடுத்த கணம் சுவர் திரும்பி வந்து அந்தக் குமிழிகளை நசுக்குகிறது. நசுங்கும் குமிழி ஒவ்வொன்றும் இரும்பின்மேல் ஊசிமுனை அளவு இடத்தில் பலத்த அடி கொடுக்கிறது.

ஒரு அடியில் எதுவும் ஆகாது. நிமிடத்துக்கு ஆயிரம் தடவை, மாதக்கணக்கில் விழும்போது இரும்பில் குழி விழும். பிஸ்டன் மோதும் பக்கத்தில், மேலிருந்து கீழாக ஒரு கோடு போலப் புழு அரித்தமாதிரி குழிகள் வரிசையாகத் தெரியும். எஞ்சினைப் பிரித்த மெக்கானிக்குகளுக்கு நன்றாகப் பழகிய காட்சி இது. குழி ஆழமாகி உட்பக்கம் வரை போனால் கூலன்ட் சிலிண்டருக்குள்ளும், ஆயில் தேங்கும் அடித்தொட்டியான சம்ப்புக்குள்ளும் இறங்கும். ஆயில் மோர்போல வெளுக்கும். அப்புறம் பேரிங் போகும், முழு எஞ்சின் வேலைதான்.

லைனரே இல்லாமல், பிளாக்கிலேயே துளையிட்ட எஞ்சின்களும் உண்டு. டாடா லாரிகளில் வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸ் 6பிடி அப்படிப்பட்டது. அவற்றில் சுவர் கனம் என்பதால் ஆபத்து பொதுவாகக் குறைவு. ஆனால் இல்லவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் ஃபோர்டு வண்டிகளில் வந்த 7.3 லிட்டர் டீசலில் லைனர் கிடையாது. அதற்கும் கூலன்ட்டில் இந்தக் காப்பு ரசாயனம் சேர்க்க வேண்டியிருந்தது.

தடுப்பு எளிமையானது. நைட்ரைட் என்ற உப்பு இரும்பின்மேல் மெல்லிய, கெட்டியான ஆக்சைடு படலத்தை உண்டாக்கும். குமிழியின் அடியைப் படலம் வாங்கிக்கொள்கிறது. படலம் உடைந்தால் கூலன்ட்டில் மீதமுள்ள நைட்ரைட் உடனே அதைப் பூசிவிடும். இப்படிப் பூசிப் பூசித்தான் நைட்ரைட் தீர்ந்துபோகிறது. கூலன்ட் பார்க்கப் பளிச்சென்று இருக்கும், உள்ளே காப்பு காலியாகியிருக்கும். வெறும் தண்ணீரில் ஓடும் எஞ்சினுக்கு இந்தப் படலமே கிடையாது. பனி பெய்யாத ஊரிலும் கூலன்ட் எதற்கு என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

வகைகள்

1. கனிம உப்பு வகை. பழைய பச்சைக் கூலன்ட் பெரும்பாலும் இதுவே. சிலிக்கேட், பாஸ்பேட், போரேட் போன்ற உப்புகள் உலோகத்தின்மேல் வேகமாகப் படலம் போடும், வேகமாகத் தீரவும் செய்யும். ஏறத்தாழ இரண்டு ஆண்டுதான் ஆயுள். கனரக டீசலில் ஊற்றினால் நைட்ரைட் உள்ள துணைச் சேர்மானத்தை அவ்வப்போது சேர்க்க வேண்டும். டி.சி.ஏ. என்ற பெயரில் கடையில் கிடைப்பது இதுதான். சில எஞ்சின்களில் கூலன்ட் ஃபில்டருக்குள்ளேயே இது இருக்கும், ஃபில்டரை மாற்றும்போது தானாகச் சேர்ந்துவிடும்.

2. ஆர்கானிக் அமில வகை. டப்பாவில் ஓ.ஏ.டி. என்றிருக்கும். அரிப்பு எங்கே தொடங்குகிறதோ அங்கே மட்டும் வேலை செய்வதால் மெதுவாகத்தான் தீரும், ஐந்து ஆண்டுக்கு மேலும் வரும். கார்களுக்கு அருமையான கூலன்ட். ஆனால் கார்களுக்கென்று செய்த பல டப்பாக்களில் லைனர் காப்பு இருக்காது. பழைய செம்பு, பித்தளை ரேடியேட்டரின் ஈயப் பற்றையும் எல்லா ஆர்கானிக் கூலன்ட்டும் ஒரே மாதிரி காப்பதில்லை.

3. நைட்ரைட் சேர்த்த ஆர்கானிக் வகை. மேலே சொன்னதோடு நைட்ரைட்டும், சிலவற்றில் மாலிப்டேட் என்ற இன்னொரு காப்பு உப்பும் சேர்ந்தது. கனரக டீசலுக்கென்றே வந்தது. நைட்ரைட் இல்லாமலேயே லைனரைக் காக்கும் புதிய கலவைகளும் இப்போது உண்டு. எஞ்சின் தயாரிப்பாளர் ஏற்றுக்கொண்டதாக டப்பாவில் தெளிவாக எழுதியிருந்தால் அவற்றையும் நம்பலாம்.

நிறத்தை விட்டுவிட்டுத் தர எண்ணைப் பார்ப்பதுதான் ஒரே வழி. ஏ.எஸ்.டி.எம். என்ற அமெரிக்கத் தர அமைப்பின் எண்கள் பல டப்பாக்களில் அச்சாகியிருக்கும். டி 3306 என்றால் கார், சிறு வண்டிகளுக்கானது. டி 4985 கனரக எஞ்சினுக்கானது, ஆனால் ஊற்றும்போதே துணைச் சேர்மானத்தையும் தனியாகச் சேர்க்க வேண்டும். டி 6210 என்றால் லைனர் காப்பு உள்ளேயே இருக்கிறது. இந்திய ஐ.எஸ். 5759, ஜப்பானின் ஜே.ஐ.எஸ். கே 2234 இரண்டும் கூலன்ட்டின் பொதுத் தரத்தைச் சொல்பவை. அவை மட்டும் இருந்தால் கனரக டீசலுக்கானதா என்று தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பாதி தண்ணீர், அது எந்தத் தண்ணீர்?

விலை உயர்ந்த கூலன்ட்டை வாங்கிவந்து ஷெட்டில் உள்ள போர் தண்ணீரில் கலப்பவர்கள் ஏராளம். மொத்தக் கோளாறில் பாதி இங்கிருந்துதான் வருகிறது என்று சொன்னால்கூட மிகையாகாது.

பெரிய எஞ்சின் தயாரிப்பாளர்கள் கூலன்ட்டில் கலக்கும் தண்ணீருக்கு வைத்திருக்கும் எல்லை தோராயமாக இது: கடினத்தன்மை 170 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 170 பங்கு), குளோரைடு 40, சல்பேட் 100. இதைக் குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500 உடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதில் ஏற்கத்தக்க கடினத்தன்மை 200, வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதி. குளோரைடு 250, அதிகபட்சம் 1000. ஆக, மனிதன் தாராளமாகக் குடிக்கும் தண்ணீரே எஞ்சினுக்கு ஆகாது. நாமக்கல், சேலம் பக்கத்துப் பாறைப் பூமியில் ஆழ்துளையிலிருந்து வரும் உப்புத் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கடினத் தண்ணீரின் கால்சியமும் மக்னீசியமும் சூடான இடத்தில்தான் படியும். எஞ்சினில் மிகச் சூடான இடங்கள் சிலிண்டரை மேலே மூடும் ஹெட்டும் லைனரின் மேல்பகுதியும், அதாவது குளிர்ச்சி எங்கே அதிகம் தேவையோ அங்கே. ஒரு மில்லிமீட்டர் சுண்ணாம்புப் படிவு, சில சென்டிமீட்டர் கனமுள்ள வார்ப்பிரும்பு அளவுக்கு வெப்பத்தைத் தடுக்கும். மீட்டரில் சூடு சாதாரணமாகவே காட்டும், ஹெட்டில் மட்டும் வெடிப்பு விழும். பாஸ்பேட் உள்ள கூலன்ட்டில் கடினத் தண்ணீர் சேர்ந்தால் படிவு இன்னும் சீக்கிரம் வரும். ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் பாஸ்பேட்டை ஒதுக்கியதற்கு அவர்கள் ஊர்த் தண்ணீரின் கடினத்தன்மைதான் காரணம். குளோரைடு வேறு விதத்தில் கெடுக்கும். காப்புப் படலத்தைக் கிழித்துக் குழி அரிப்பைத் தொடங்கிவைப்பது அதுதான்.

பெட்ரோல் பங்கிலும் பேட்டரிக் கடையிலும் கேனில் விற்கும் பேட்டரி வாட்டர் போதும். கனிமம் நீக்கிய அல்லது காய்ச்சி வடித்த தண்ணீர் அது. வாங்கும்போது அது பேட்டரி ஆசிட் இல்லை என்று மட்டும் உறுதி செய்துகொள்ள வேண்டும். அளவு பார்த்துக் கலக்க யோசனையாக இருந்தால், கலந்தே வரும் டப்பாவை வாங்குவது நல்லது.

எதைத் தேர்ந்தெடுப்பது

வண்டியின் கையேடு கிடைத்தால் அதில் சொன்னதுதான் முதல். கையேடு இல்லாத பழைய வண்டிக்கு, டி 6210 தர எண் உள்ள, செம்பு, பித்தளை, சால்டர் உலோகங்களுக்கு ஏற்றது என்று எழுதியிருக்கும் கனரகக் கூலன்ட்தான் பாதுகாப்பான தேர்வு. வெட் லைனரா இல்லையா என்று தெரியாவிட்டாலும் இதில் நஷ்டமில்லை. ரேடியேட்டரைப் பின்னால் அலுமினியத்துக்கு மாற்றியிருந்தால் மட்டும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். நைட்ரைட் மிகுந்த கலவை அலுமினியத்துடன் எப்போதும் ஒத்துப்போவதில்லை.

கலவை பாதிக்குப் பாதி. 1:3 கலக்கலாம் என்று டப்பா சொன்னால் கிளைகால் 25 சதவீதம்தான் இருக்கும். தென்னிந்தியாவிலேயே ஓடும் வண்டிக்கு உறைநிலை அடிப்படையில் அது போதும்தான். ஆனால் கிளைகாலோடு சேர்ந்து காப்பு ரசாயனமும் நாலில் ஒன்றாகக் கரைந்துவிடும் என்பதை மறக்கக்கூடாது. அந்த விகிதத்திலும் லைனர் காப்பு உண்டு என்று தயாரிப்பாளர் எழுதியிருந்தாலொழிய வேண்டாம். ஆப்பிள் ஏற்றக் காஷ்மீர் போகும் வண்டிக்கு 1:3 எந்தக் கணக்கிலும் சேராது.

மாற்றும் முறை

1. எஞ்சின் முழுதாக ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். அரை பார் அழுத்த மூடியே தண்ணீரின் கொதிநிலையை 111 டிகிரிக்குக் கொண்டுபோகும். சூட்டில் திறந்த கணமே அது பீறிட்டு முகத்தில் அடிக்கும்.

2. ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்க்கவும். ஆயில் வெளுத்திருந்தாலோ ரேடியேட்டரில் எண்ணெய் மிதந்தாலோ கூலன்ட் மாற்றுவதில் பயனில்லை. லைனரையோ கேஸ்கட்டையோ ஆயில் கூலரையோதான் முதலில் பார்க்க வேண்டும்.

3. ரேடியேட்டரின் அடி டேப்போடு பிளாக்கின் வடிகால் பிளக்கையும் திறக்க வேண்டும். பெரும்பாலோர் விட்டுவிடுவது இரண்டாவதைத்தான். துரு அடைத்திருந்தால் கம்பியால் குத்திப் பார்க்கவும், உள்ளே இருக்கும் சேறு அப்போதுதான் தெரியும்.

4. காவி நிறமோ உப்புப் படிவோ இருந்தால் ரேடியேட்டர் கிளீனர் கலந்து, தெர்மோஸ்டாட் (சூடு ஏறியதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு) திறக்கும் சூடு வரை எஞ்சினை ஓட்டி வடிக்கவும். டப்பாவில் சொன்ன நேரத்துக்கு மேல் உள்ளே விட வேண்டாம். பிறகு தெளிவாக வரும்வரை தண்ணீர் விட்டு அலச வேண்டும். நடுவில் குழாய்த் தண்ணீர் பரவாயில்லை, கடைசி அலசல் பேட்டரி வாட்டரில் இருக்க வேண்டும். வேறு வகைக் கூலன்ட்டுக்கு மாறினால் அலசலில் சோம்பல் கூடாது. தன் நீள்ஆயுள் கூலன்ட்டில் பழைய வகை 10 சதவீதத்துக்கு மேல் கலந்திருக்கக்கூடாது என்கிறது எஞ்சின் தயாரிப்பாளரான கேட்டர்பில்லர்.

5. காலியாக இருக்கும்போதே ஓஸ், கிளிப், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி, வாட்டர் பம்ப்பின் கசிவுத் துளை எல்லாவற்றையும் பார்த்துவிடவும். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தால் அழுத்தம் நிற்காது. அழுத்தம் குறைந்தால் லைனர் பக்கத்துக் குமிழிகளும் கூடும்.

6. இப்போது கணக்கு. உதாரணமாக மொத்தக் கொள்ளளவு 24 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். என்னதான் வடித்தாலும் பிளாக்கில் 6 லிட்டர் அலசிய தண்ணீர் தங்கியிருக்கிறது. பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட்டை மீதி 18 லிட்டருக்கு ஊற்றினால் உள்ளே போகும் கிளைகால் 9 லிட்டர்தான், அதாவது 37 சதவீதச் சொச்சம். காப்பு ரசாயனமும் அதே அளவில் குறையும். ஆகவே அலசிய வண்டிக்குக் கலக்காத கூலன்ட் 12 லிட்டரை முதலில் ஊற்றிவிட்டு, மீதியைப் பேட்டரி வாட்டரால் நிரப்ப வேண்டும்.

7. மெதுவாக ஊற்றவும். காற்று வெளியேறும் ஸ்குரூ இருந்தால் திறந்து வைக்கவும். ஹெட்டில் சிக்கிய காற்று இருக்கும் இடத்தில் கூலன்ட் இருக்காது, அந்த இடம் வெந்துபோகும். தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஓஸ் சூடாகும்வரை ஓட்டி, ஆறவிட்டு, குறைந்ததை நிரப்பவும். ஒரு லோடு போய்வந்த பிறகு மறுபடி பார்க்கவும்.

மாற்றிய பிறகு

நைட்ரைட் அளவு காட்டும் சோதனைப் பட்டை கிடைக்கிறது. கூலன்ட்டில் நனைத்து, நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டால் போதும். டி 6210 படி நைட்ரைட் மட்டும் உள்ள புதுக் கூலன்ட்டில் குறைந்தது 1200 பி.பி.எம். இருக்க வேண்டும். மாலிப்டேட்டும் சேர்ந்திருந்தால் இரண்டும் சேர்ந்து 780 போதும். குறைந்தால் துணைச் சேர்மானம் சேர்க்கலாம். சந்தேகத்துக்கு இன்னும் ஒரு பாட்டில் என்று ஊற்றுவதும் ஆபத்துதான். மிஞ்சிய உப்பு கட்டியாகி வாட்டர் பம்ப் சீலைக் கெடுக்கும், ரேடியேட்டர் குழாயையும் அடைக்கும்.

பட்டறையில் இன்னும் உயிரோடு இருக்கும் மூன்று பழக்கங்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒன்று, வண்டி ஹீட் ஏறுகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியையும் அடைக்கிறது. அதை எடுத்துவிட்டால் கூலன்ட்டில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றிச் சுற்றி வரும். சமவெளியில் எஞ்சின் வேண்டிய சூட்டுக்கு வராது, தொப்பூர் கணவாயிலோ 27 கொண்டை ஊசி வளைவுள்ள திம்பம் மலையிலோ ஏறும்போது கொதிக்கும். சூடு ஏறாத எஞ்சினில் பிஸ்டன் முழுதாக விரிவடையாததால் லைனரில் மோதுவதும் கூடும், குழி விழும் வேகமும் கூடும். இரண்டு, துரு பிடிக்காமல் இருக்க லேத்தில் பயன்படும் கட்டிங் ஆயிலை ரேடியேட்டரில் கலப்பது. அது லைனர் குழியைத் தடுக்காது, ஓஸ் ரப்பரை ஊதவைக்கும், வெப்பம் கடத்தும் பரப்பில் பிசுபிசுப்பாகப் படியும். மூன்று, ஒழுகும் ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடுவது. நடுவழியில் ஒருநாள் ஊர் வந்துசேர உதவலாம், தப்பில்லை. ஊர் வந்ததும் அதை அலசி எடுக்காமல் விட்டால், ஓட்டையை அடைத்த அதே தூள் நல்ல குழாய்களையும் அடைக்கும்.

வடித்த பழைய கூலன்ட்டைச் சாக்கடையிலோ சாலையோரத்திலோ கொட்டக்கூடாது. எத்திலீன் கிளைகால் இனிக்கும் விஷம். நாயும் ஆடும் தேடி வந்து நக்கும். உடலுக்குள் அது ஆக்சாலிக் அமிலமாக மாறிச் சிறுநீரகத்தில் படிகமாகப் படியும். வளர்ந்த மனிதருக்கே சுமார் 100 மி.லி. உயிருக்கு ஆபத்து. குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைப்பது இன்னும் மோசம். மூடியுள்ள கேனில் பெயர் எழுதி வைத்து, கழிவு ஆயில் எடுப்பவரிடம் கூலன்ட் என்று சொல்லித் தனியாகக் கொடுக்க வேண்டும்.

கடைசியாக ஒரு சிறு பெயின்ட் வேலை இருக்கிறது. ரேடியேட்டர் மேல் தொட்டியில் மாற்றிய தேதி, கிலோமீட்டர், கூலன்ட்டின் தர எண் மூன்றையும் எழுதிவிட்டு, அதே கூலன்ட் கலந்த ஐந்து லிட்டர் கேன் ஒன்றைக் கேபினில் போட்டுவைக்க வேண்டும். இல்லாவிட்டால் ராத்திரி இரண்டு மணிக்கு அளவு குறையும்போது, கிளீனர் கையில் கிடைப்பது டீக்கடை டிரம்மில் உள்ள தண்ணீராகத்தான் இருக்கும்.